ஸ்க்ளீரோடெர்மாவில் உணவுக்குழாய் கெட்டிருந்தால் நுரையீரல் மாற்று கிடையாதா?

தாமிரபரணி:
வணக்கம். அக்காவுக்கு வயது 46. டிஃப்யூஸ் ஸ்க்ளீரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய், பரவலான வகை), அதனால் வந்த நுரையீரல் தழும்பு. எஃப்விசி (முழு மூச்சில் ஊதும் காற்றின் அளவு) ஆறு மாதம் முன்பு 59%, இப்போது 48%. டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) 31%. ஆறு நிமிட நடையில் ஆக்ஸிஜன் 84 வரை இறங்கியது. நோய் எதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபீனோலேட், தழும்பைத் தாமதப்படுத்தும் நின்டெடானிப் இரண்டும் எடுக்கிறார். ஒரு மருத்துவமனையில் பேரியம் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, "உணவுக்குழாய் அசையவே இல்லை, மாற்று செய்ய முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். இதுதான் முடிவா? வேறு இடத்தில் காட்ட எந்தச் சோதனைகள் கையில் இருக்க வேண்டும்?

மூச்சுக்குழல்:
முடிவு இல்லை நண்பரே. ஸ்க்ளீரோடெர்மா போன்ற இணைப்புத்திசு நோயாளிகளுக்கான நுரையீரல் மாற்று பற்றி சர்வதேச இதய-நுரையீரல் மாற்றுச் சங்கம் 2021-ல் ஒருமித்த கருத்து வெளியிட்டது. நோயின் பெயரை வைத்து ஒதுக்காதீர்கள், ஒவ்வொரு உறுப்பாக அளந்து முடிவெடுங்கள் என்பதே அதன் சாரம். எஃப்விசி 80%-க்குக் கீழே அல்லது டிஎல்சிஓ 40%-க்குக் கீழே போனாலே மாற்று மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்தில் 10%-க்கு மேல் சரிவு, நடையில் 88-க்குக் கீழே ஆக்ஸிஜன் என்றால் காத்திருப்புப் பட்டியலில் சேர்ப்பதைப் பற்றியே பேசலாம். அக்காவுக்கு இரண்டும் இருக்கிறது. தாமதிக்காதீர்கள்.

ஆனால் அவர்கள் பயந்ததற்குக் காரணம் உண்டு. புதிய நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு கிடையாது, மூச்சுக்குழாயை இணைத்த தையலுக்குக் கீழே எது இறங்கினாலும் இருமல் வராது. இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலமும் பித்தநீரும் சத்தமில்லாமல் உள்ளே போய் சிறு மூச்சுக்குழாய்களைப் புண்ணாக்கும். உடல் புதிய நுரையீரலை மெல்ல மெல்ல ஒதுக்கும் நாள்பட்ட நிராகரிப்புக்கு அது பெரிய வாசல். அறுவையில் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு அடிபட்டால் இரைப்பையும் மந்தமாகிவிடும்.

அதனால் பேரியம் போதாது. உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரி வேண்டும்: மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்ப்பார்கள். அதோடு 24 மணி நேர பிஎச்-இம்பீடன்ஸ் (இரைப்பையிலிருந்து மேலேறுவதை அளக்கும் சோதனை), இரைப்பை காலியாகும் வேகத்துக்கு ஸ்கேன். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை நிறுத்திவிட்டுச் செய்வதா, சாப்பிட்டபடியே செய்வதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அது தெரியாமல் வந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மையத்தில் கேட்க வேண்டிய நேர் கேள்வி ஒன்றுதான்: "மாற்றுக்குப் பிறகு சிறுகுடல் குழாய் வழியாக உணவு கொடுக்கும் திட்டம் உங்களிடம் இருக்கிறதா?" வாயில் ஒன்றும் கொடுக்காமல் சில வாரம், தேவைப்பட்டால் சில மாதம், ஜெஜுனம் (சிறுகுடலின் நடுப்பகுதி) குழாயில் ஊட்டி, விழுங்கும் சோதனை தேறிய பிறகே வாய்க்கு மாறுவது பல மையங்களின் வழக்கம். அசைவே இல்லாத உணவுக்குழாயில் முழுச்சுற்று ஃபண்டோப்ளிகேஷன் (இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைப்பது) போட்டால் சாப்பாடு மேலேயே தேங்கிவிடும். ரிஃப்ளக்ஸுக்கு, அதாவது மேலேறுவதைத் தடுக்க, அறுவை வேண்டுமென்றால் பாதிச்சுற்று முறை, அல்லது இரைப்பை பைபாஸ்.

வைகைக்கரை:
வயிற்றோடு நிற்காதீர்கள். வலது இதய கதீட்டர் (இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தத்தை நேரடியாக அளப்பது) கட்டாயம். எக்கோ சொல்லும் அழுத்தத்தை ஸ்க்ளீரோடெர்மாவில் நம்பக் கூடாது. நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருந்தால் ஒற்றை நுரையீரலைவிட இரண்டையும் மாற்றுவதே நல்லது.

அடுத்தது சிறுநீரகம். மாற்றுக்குப் பின் நிராகரிப்பைத் தடுக்க வாழ்நாள் முழுக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் சிறுநீரக ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் நாளுக்கு 15 மில்லிகிராம் தாண்டினால் ஸ்க்ளீரோடெர்மா சிறுநீரக நெருக்கடி (பிரஷர் திடீரென ஏறி சிறுநீரகம் செயலிழப்பது) வரும் ஆபத்து கூடும், ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 ஆன்டிபாடி இருந்தால் இன்னும் கவனம். அந்த ஆன்டிபாடியைப் பார்த்தார்களா? வீட்டில் தினமும் பிரஷர் எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட மேல் எண் 30 கூடினால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நம் ஊரில் மறைந்திருக்கும் டிபிக்கு இக்ரா ரத்தப் பரிசோதனை, பிறகு பல், எலும்பு அடர்த்தி, எச்எல்ஏ ஆன்டிபாடி (பிறர் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருள்) சோதனைகள். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ பிரசவம் ஆகியிருந்தாலோ எச்எல்ஏ-வில் சிக்கல் வரும், சொல்லிவிடுங்கள்.

தாமிரபரணி:
மிக்க நன்றி ஐயா. இன்னொன்று. வீட்டில் விரலில் மாட்டினால் ஆக்ஸிஜன் மெஷின் சில நேரம் 71 காட்டுகிறது, பிறகு 90. எதை நம்புவது?

மூச்சுக்குழல்:
இரண்டையும் நம்பாதீர்கள். ரேனாட்ஸால் (குளிரில் விரல் ரத்தக் குழாய்கள் சுருங்கும் கோளாறு) விரலில் ரத்தம் ஓடாதபோது மெஷின் உளறும். நாடித்துடிப்புக் கோடு ஒரே சீராக ஏறி இறங்கவில்லையென்றால் அந்த எண் வெறும் எண். காது மடலுக்கோ நெற்றிக்கோ உள்ள ப்ரோப் வாங்குங்கள். நடைச் சோதனையையும் அதை வைத்தே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பட்டியல் முடிவு இந்த எண்ணில் தொங்குகிறது.

எஃப்விசி-யிலும் இதே கதை. வாய் சுருங்கியிருந்தால் உதடு மவுத்பீஸைச் சுற்றி மூடாது, ஓரத்தில் காற்று கசிந்து அளவு குறைவாக வரும். சிறிய மவுத்பீஸ் கேளுங்கள், ஊதும்போது உதட்டோரத்தை டெக்னீஷியன் விரலால் அழுத்திப் பிடித்தாலும் போதும். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை மயக்க மருத்துவரிடமும் முதல் நாளே காட்டுங்கள், மூச்சுக்குக் குழாய் போட அவர் தனியாகத் திட்டமிட வேண்டும்.

வைகைக்கரை:
பதிவைப் பற்றி: டிரான்ஸ்டான் (தமிழ்நாட்டின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் மருத்துவமனை வழியாகத்தான் சேர முடியும், நேரே முடியாது. ரத்த வகையோடு உயரமும் மார்பளவும் பொருந்த வேண்டும் என்பதால் குள்ளமானவர்களுக்குக் காத்திருப்பு நீளும். எடுத்த நுரையீரலைச் சில மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும், ஆகவே பதிவானதும் மையத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிடுங்கள். நடைப்பயிற்சியை ஆக்ஸிஜனோடு இன்றே தொடங்கட்டும், தொடையில் பலம் குறைந்தால் பட்டியலில் இருந்தே எடுத்துவிடக்கூடும்.