ஷேல் மொடலில் வேகம் கூட வருகிறது, அவசர உதவி

சுன்னாகத்தான்: வணக்கம். ஷேல் (படைபடையான களிப்பாறை) மாதிரி ஒன்றுக்கு மீள்தன்மை மொடல் செய்கிறேன், அதாவது கனிமங்களின் விறைப்பிலிருந்து அலை வேகத்தைக் கணிப்பது. குவார்ட்ஸ் 42 வீதம், களி 50, கெரோஜன் (பாறையிலுள்ள திண்மச் சேதனப் பொருள்) 8. பி அலை (அமுக்க அலை) வேகம் கணக்கில் 4.7, ஆய்வுகூடத்தில் 3.3. புரோகிராம் கோட்டில் பிழை தெரியவில்லை. நாளைக்கு சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கோ.

பாறைப்பித்தன்: கிமீ/செக்கனா? படைக்குக் குறுக்கே அளந்ததா, நெடுக்கேயா? கனிமங்களின் விறைப்பைச் சேர்க்க எந்தச் சராசரி? இதொன்றும் சொல்லாவிட்டால் சாத்திரியிடம்தான் கேட்க வேண்டும் தம்பி.

கரவெட்டியான்: திரவத்தை விட்டுவிட்டீர்கள். துளைகளிலுள்ள திரவத்தின் விளைவைச் சேர்க்கும் காஸ்மன் சமன்பாட்டைப் போடுங்கோ, சரிவரும்.

பாறைப்பித்தன்: ஷேலுக்குக் காஸ்மனா அண்ணை? துளைகளுக்குள் அமுக்கம் சமப்பட்டால்தான் அது பொருந்தும். ஷேலில் திரவம் அசைய வழியில்லை, அதுவும் ஆய்வுகூட அளவீட்டின் அல்ட்ராசவுண்ட் அதிர்வெண்ணில்.

பழையகல்: படைப்பாறைகளில் அலை வேகம் பற்றிய கட்டுரைகள்: பேக்கஸ் 1962, தொம்சன் 1986. இவற்றை வாசிக்காமல் ஷேலைத் தொடுகிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

நல்லூர்நிலா: எழுதிவிட்டீர்களே ஐயா. தம்பி, அந்த 8 அறிக்கையில் உள்ள சேதனக் காபனா? அப்படியென்றால் அது நிறைவீதம். கெரோஜனில் காபன் ஐந்தில் நாலு பங்களவு, அடர்த்தி 1.3 அளவு. பாறை 2.4 என்றால் 8ஐ 0.8ஆல் வகுத்து 2.4/1.3ஆல் பெருக்குங்கோ. கனவளவில் 18 தாண்டும்.

சுன்னாகத்தான்: ஓம், நிறைதான். குறுக்கே, காய்ந்த மாதிரி, கிமீ/செக்கன். ஃபோய்க்ட் சராசரி.

மண்கும்பான்: யாழ்ப்பாணத்தில் ஏது ஷேல்? கீழே சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினவனைக் கேளுங்கோ.

கரவெட்டியான்: மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டார்களே?

மண்கும்பான்: அது மணற்கல்லில்.

கரவெட்டியான்: மணற்கல்லா எரிவாயுவை உண்டாக்கியது? சேதனப் பொருள் உள்ள பாறை எங்கோ இருக்கத்தானே வேண்டும்.

மண்கும்பான்: கடலுக்கடியில் இருக்கட்டும். நான் கேட்டது யாழ்ப்பாணத்தை.

சுன்னாகத்தான்: 18 போட்டேன். 4.6.

நல்லூர்நிலா: ஃபோய்க்டில் அப்படித்தான் வரும். எல்லாக் கனிமமும் ஒரே அளவு நசிவதாக அது எடுக்கும், குவார்ட்ஸின் விறைப்பே மேலோங்கும். குவார்ட்ஸின் பல்க் மட்டு (எல்லாப் பக்கமும் அமுக்குவதற்கான எதிர்ப்பு) 37 கிகாபஸ்கால், கெரோஜனுக்கு 3 அளவு. குறுக்கே அமுக்கினால் கெரோஜன் படைதான் முதலில் நசியும். ஆகவே பேக்கஸ் சராசரி: ஒவ்வொன்றின் கனவளவுப் பங்கையும் அதன் மட்டால் வகுத்துக் கூட்டித் தலைகீழாக்குங்கோ. இங்கே மட்டு என்பது பல்க் மட்டோடு ஷியர் மட்டின் (சறுக்கலுக்கான எதிர்ப்பு) 4/3ஐக் கூட்டியது. களிக்குப் பல்க் 21, ஷியர் 7 என்று போட்டுப் பார்த்தேன், வேகம் 3.0 வருகிறது. உங்கள் 3.3 இந்த 3.0க்கும் ஃபோய்க்டின் 4.6க்கும் நடுவில் நிற்கிறது. கெரோஜன் தொடர் படையாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் அப்படி வரலாம்.

பழையகல்: பேக்கஸ் என்று நான் முதலே சொன்னேன்.

சுன்னாகத்தான்: 3.0 வந்தது. நன்றி அக்கா.

பாறைப்பித்தன்: நெடுக்கே அளந்த வேகம் இருந்தால் அதையும் போடுங்கோ தம்பி. குறுக்கை மட்டும் வைத்துத் திசைவேறுபாடு (திசைக்குத் திசை வேகம் மாறுவது) கணிக்க முடியாது.

மண்கும்பான்: ஆளைக் காணோம். மாதிரி எந்த ஊர்க் கல் என்றும் சொல்லவில்லை.