பதில்: ட்ரான்ஸ்கோடிங்குக்குக் ‘குறிமாற்றம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ட்ரான்ஸ்கோடிங் = குறிமாற்றம். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

ஒரு முறையில் சுருக்கிய ஒலிக்கோப்பை இன்னொரு முறைக்கு மாற்றுவதுதான் ட்ரான்ஸ்கோடிங்; அதற்கு ஒருவர் முன்வைத்த சொல் இது. வாயில் நிற்கும்தான். ஆனால் அந்தக் கதிரையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரையை ஒருங்குறிக்கு (யுனிகோட்) கொண்டுவருவதையும் நாங்கள் குறிமாற்றம் என்றுதானே எழுதி வருகிறோம்? அதில் ஓர் எழுத்தும் தொலையாது; வேண்டுமென்றால் திரும்பப் பாமினிக்கே போகலாம். ஒலிக்கோப்பில் அப்படித் திரும்பிப் போக ஏலாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், வாசிப்பவர் இங்கேயும் நட்டமில்லை என்று நம்பிவிடுவார்.

அப்படி நம்பிய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக் கோயில் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா ஒரு தேவாரம் பாடி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. மூன்று நிமிடம், அரை மெகாபைட்கூட இல்லை. ஓப்பஸ் என்ற முறையில் சுருக்கிய கோப்பு. ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியோ எம்பி3 தவிர வேறெதையும் அறியாத பழசு. மருமகன் முதலில் கோப்புப் பெயரின் வாலை மட்டும் எம்பி3 என்று திருத்திப் பென்ட்ரைவில் போட்டான். பெட்டி வாய் திறக்கவில்லை. பிறகு ஒழுங்காக மாற்றினான். அதுவும் ‘தரம் கூடட்டும்’ என்று நொடிக்கு 320 கிலோபிட்டில். கோப்பு 7 மெகாபைட்டாக வீங்கியது, குரல் மட்டும் அதே தகரக் குரல். இவ்வளவு பெரிது வேண்டாமென்று ஒலிபெருக்கிக்காரர் தன் பங்குக்கு 64 கிலோபிட்டுக்கு இறக்கினார். அதன்பின் சகரம் வந்த இடமெல்லாம் பெரியம்மா தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் குமிழியிட்டது.

எம்பி3 1993இல் வெளியான தரம், ஓப்பஸ் 2012இல் வந்தது. இரண்டுமே காதுக்குத் தெரியாது என்று கணித்ததைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகின்றன, ஆனால் கழிக்கும் கணக்கு வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, முதலில் முழுதாக விரித்து, பிறகு புதிதாகச் சுருக்க வேண்டும். அப்போது ஓப்பஸ் விட்டுவைத்த கறையையும் பாட்டென்றே எண்ணி எம்பி3 அதற்கும் பிட்டுகளைச் செலவழிக்கும். ஒடியலை, அதாவது காய்ந்த பனங்கிழங்கை, இடித்து மாவாக்கியபின் கூழ் காய்ச்சலாம், பிட்டு அவிக்கலாம். கிழங்கு திரும்பி வராது.

ஆகவே என் முன்வைப்பு: மறுசுருக்கம். ‘மறு’ என்று காதில் விழும்போதே முன்பு ஒருமுறை சுருக்கியாயிற்று என்பது விளங்கிவிடும். ‘இதை எம்பி3க்கு மறுசுருக்கித் தா’ என்று வினையாகவும் வளைகிறது. சுருக்காத வேவ் கோப்பிலிருந்து எம்பி3 செய்வது வெறும் சுருக்கம். ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பும் சுருக்கியதுதானே என்று யாராவது மடக்கினால், அது இழப்பில்லாச் சுருக்கம், விரித்தால் பழையபடியே கிடைக்கும் என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

‘மறுகுறியாக்கம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பிழையில்லை. ஆனால் மறைகுறியாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) குழம்பும், வாயிலும் இலேசில் வராது. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. ஒரு பாட்டுக் கோப்புக்குச் சொல் தேடி இப்படித் திணறுகிறோமே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். எம்கேவி என்ற காணொளிக் கோப்பில் இருக்கும் ஒலியைத் தொடாமல் அப்படியே எம்பி4க்குள் எடுத்துவைப்பதையும் மக்கள் ‘கொன்வேர்ட்’ என்றே சொல்கிறார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ‘கொப்பி’ என்று கொடுத்தால் சில நொடியில் முடிகிற வேலை அது. கடகத்து மாம்பழத்தைப் பெட்டிக்கு மாற்றுவதுபோல, பழத்தில் கீறல் விழாது. இதற்குக் ‘கலன்மாற்றம்’ என்று வைக்கலாமா?

மென்பொருளின் பொத்தானில் ‘மாற்று’ என்றே இருக்கட்டும். அழுத்தியதும் வரும் பெட்டியில் ‘இது மறுசுருக்கம், தரம் குறையும்’ என்றோ ‘இது கலன்மாற்றம்’ என்றோ காட்டினால் போதும்.

கலனைப் பற்றித்தான் எனக்கு இன்னும் தயக்கம். மனைவிக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மண்ணெண்ணெய்க் கான்தான் ஞாபகம் வருகிறதாம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.