தடய அறிவியல் முதுநிலைப் பட்டம், உயிரியல் பிரிவு: தகுதி குறித்து நமக்கு நேர்ந்தவை

தொடக்கப் பதிவு

உயிரியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு தடய அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் பெற விரும்புகிறவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டுகிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இளநிலையில் நான் உயிரித்தொழில்நுட்பம் படித்தேன். பிறகு வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் தடய அறிவியல் எம்.எஸ்சி. சேர்ந்தேன். ஏதேனும் ஓர் அறிவியல் பாடத்தில் பட்டம் இருந்தால் போதும் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். முதல் ஆண்டில் குற்றவியல் சட்டம், சம்பவ இடத்தை ஆராய்தல், கருவிப் பகுப்பாய்வு, கைரேகை, நச்சியல் ஆகியவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. மூன்றாம் பருவத்தில்தான் நான் விரும்பிச் சென்ற உடல்திரவ ஆய்வும் டி.என்.ஏ. வகைப்படுத்தலும் வந்தன. நான்காம் பருவம் முழுவதும் ஆய்வேட்டுக்கே சென்றது. துணியில் உலர்ந்துபோன எச்சில் கறையிலிருந்து, துவைத்த பிறகும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க முடியுமா என்பது என் தலைப்பு. அந்த மாதங்களை இன்றும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பட்டம் பெற்ற பிறகு, அரசு ஆய்வகம் ஒன்றின் உயிரியல் பிரிவுப் பணிக்கான அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் என்னைத் தகுதியற்றவள் என்று விலக்கிவிட்டார்கள். அறிவிப்பைத் திரும்ப எடுத்து வரிவரியாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மரபியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் எதில் முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன அந்த அறிவிப்பு, தடய அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும், இளநிலையின் மூன்று ஆண்டுகளிலும் விலங்கியலையோ தாவரவியலையோ ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. நான் உயிரித்தொழில்நுட்பத்திலேயே எம்.எஸ்சி.யும் முடித்திருந்தால் தகுதி பெற்றிருப்பேன். தடயவியல் ஆய்வகத்தில் பணியாற்றுவதற்கென்றே தடய அறிவியலைத் தேர்ந்தெடுத்ததால் தகுதி இழந்தேன். சேர்க்கைக்குத் தேவையான தகுதியும் வேலைக்குத் தேவையான தகுதியும் வேறுவேறு என்பதை, கட்டணம் வாங்கிய நாளில் எனக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதை நம்பி இந்தப் படிப்பில் சேரும் மாணவர்களுக்கு என் நிலை வந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மறுமொழி 1

நான் அமெரிக்காவில் மாநில ஆய்வகம் ஒன்றின் டி.என்.ஏ. பிரிவில் இருக்கிறேன். இங்கும் பட்டத்தின் பெயரைவிட மதிப்பெண் பட்டியலைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தில் பங்குபெறும் ஆய்வகங்கள் எஃப்.பி.ஐ. வகுத்த தரநிலைகளைப் பின்பற்றியாக வேண்டும். அவற்றின்படி, பகுப்பாய்வாளராக இளநிலைப் பட்டமே போதும். ஆனால் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் ஆகியவற்றைப் படித்திருப்பதோடு, புள்ளியியலையோ மக்கள்தொகை மரபியலையோ பாடமாகவோ பயிற்சியாகவோ கற்றிருக்க வேண்டும். தொழில்நுட்பத் தலைவர் பொறுப்புக்குத்தான் முதுநிலைப் பட்டம் கட்டாயம். அவர் இதே பாடங்களில் 12 பருவ மதிப்பலகுகள் (கிரெடிட்) பெற்றிருக்க வேண்டும். அவற்றில் ஒரு பாடமாவது முதுநிலை அளவில் இருக்க வேண்டும்.

நான் தமிழ்நாட்டில் விலங்கியல் இளநிலை முடித்து, இங்கே உயிரியல் பிரிவில் தடய அறிவியல் முதுநிலை படித்தவன். என் பழைய மதிப்பெண் பட்டியலில் பாடங்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதன்மைத் தாள் 5’, ‘முதன்மைத் தாள் 6’ என்று மட்டுமே இருந்தது. அவற்றில் ஒன்று மரபியல் என்பதை ஆய்வகம் எப்படி அறியும்? தலைப்பு பொருந்தாத இடத்தில் பாடத்திட்டத்தையோ கல்வி நிறுவனத்தின் கடிதத்தையோ காட்டித் தகுதியை மெய்ப்பிக்கலாம் என்ற வழி இருந்ததால் தப்பித்தேன். பதினொரு ஆண்டுகளுக்கு முந்தைய பாடத்திட்டத்தைக் கல்லூரி நூலகத்தின் பழைய அடுக்குகளில் என் தம்பி மூன்று நாட்கள் தேடி எடுத்து, முதல்வரின் முத்திரையோடு அனுப்பிவைத்தான்.

புள்ளியியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலரும் அதை ஒப்புக்குப் படிக்கிறார்கள். 2017 ஜனவரி 1 முதல் இங்கே தரவுத்தளத்துக்கான மையக் குறியிடங்கள் (ஒப்பிடுவதற்காகப் பார்க்கப்படும் டி.என்.ஏ. இடங்கள்) 13-லிருந்து 20 ஆக உயர்த்தப்பட்டன. ஒருவருடைய மாதிரி மட்டும் இருந்தால் கணக்கு எளிது. மூவருடைய டி.என்.ஏ. கலந்திருக்கும் கத்திப்பிடியைக் கையில் கொடுத்தால், நிகழ்தகவு விகிதத்தின் (சந்தேக நபரின் டி.என்.ஏ. கலந்திருந்தால் இந்த முடிவு கிடைக்கும் வாய்ப்புக்கும், கலந்திராவிட்டால் கிடைக்கும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) பொருள் தெரியாதவர் கணினி தரும் எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவார். அந்த எண்ணை நம்பி ஒருவர் சிறைக்குச் செல்லக்கூடும்.

மறுமொழி 2

வணக்கம் அக்கா. நான் நுண்ணுயிரியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தடய அறிவியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு குழப்பமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

மறுமொழி 3

தடய அறிவியல் ஆய்வகத்தில் உயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தொடக்கப் பதிவை எழுதிய சகோதரிக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். எனினும் அந்த நிபந்தனையின் பின்னே ஒரு நியாயம் இருப்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கிணற்றில் கிடந்த உடல் ஒன்றின் வழக்கில், உயிரோடு மூழ்கினாரா, இறந்த பிறகு போடப்பட்டாரா என்பதே கேள்வி. தொடை எலும்பின் மஜ்ஜையை அமிலத்தில் கரைத்தால் திசுக்கள் அழிந்துவிடும். உயிரோடு மூழ்கியிருந்தால், நீரோடு உள்ளே சென்று இரத்த ஓட்டத்தில் மஜ்ஜையை அடைந்த, சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டம் பாசிகள் எஞ்சும். அவற்றைக் கிணற்று நீரில் கிடைத்த டயாட்டம்களோடு ஒப்பிட்டு அறிக்கை தந்தேன். அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலேயே சான்றாக ஏற்கச் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றம் விரும்பினால் அழைத்து விசாரிக்கலாம். என்னை அழைத்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆய்வைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன், “பாசியியலை எத்தனை ஆண்டு படித்தீர்கள்?” என்று கேட்டார். தாவரவியல் இளநிலையில் அதை முழுத் தாளாகப் படித்திருந்ததால் தயங்காமல் விடை சொன்னேன். பயிற்சியில் இரண்டு வாரம் பார்த்தேன் என்று சொல்ல நேர்ந்திருந்தால் அந்த அறிக்கை அன்றே வலுவிழந்திருக்கும்.

ஆனால் டி.என்.ஏ. ஆய்வு மேசைக்கு உயிரித்தொழில்நுட்பம் படித்தவரை விடப் பொருத்தமானவர் இல்லை. எல்லா மேசைக்கும் ஒரே நிபந்தனையை வைத்திருப்பதைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி 4 (தொடக்கப் பதிவர்)

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. அந்த நிபந்தனையை இந்தக் கோணத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை.

தம்பிக்கு: உங்கள் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ துணைப்பாடமாக இருந்தாலும், அது மூன்று ஆண்டுகளுக்கும் நீடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீடிக்கவில்லை என்றால், நுண்ணுயிரியலிலேயே முதுநிலை முடித்து, ஆய்வேட்டை மட்டும் தடயவியல் தலைப்பில் செய்வது உங்களுக்குப் பாதுகாப்பான வழி என்று நினைக்கிறேன். எதில் சேர்ந்தாலும், கடந்த சில ஆண்டுகளின் பணி அறிவிப்புகளைத் தேடி எடுத்து, கல்வித்தகுதிப் பத்தியை உங்கள் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே கட்டணம் செலுத்துங்கள். அமெரிக்காவிலிருந்து எழுதிய நண்பர் சொன்னதுபோல, பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகலைக் கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.