சுகர் ஆப்புக்கு நோட்டு எழுதச் சொன்னா ஒரே ராத்திரில எழுதித் தர்றாங்க

பல்லடத்தான்:
வணக்கமுங்க. பல்லடம் சோமனூர் பக்கம் தறி ஓட்டற சர்க்கரைக்காரங்களுக்கு ஒரு ஆப் செய்யறோம். நாங்களா ரூம்ல உக்காந்து யோசிக்காம, அவங்களையே அன்னன்னைக்கு நடக்கறத எழுதச் சொல்லி அத வச்சு டிசைன் பண்ணலாம்னு நேரம், சாப்பாடு, மாத்திரை, ரீடிங்னு கட்டம் போட்ட நோட்டு குடுத்தோம். திரும்பி வந்தத பாத்தா எல்லா பக்கமும் ஒரே பேனா, தெனமும் இட்லி ரெண்டு, ரீடிங் பூரா 120ல இருந்து 130க்குள்ள, பல நோட்டு ஸ்கூல் போற புள்ளைங்க எழுதினது. இந்த முறையே நம்மூருக்கு ஆகாதா?

செவ்வந்தி:
நான் ஸ்டாஃப் நர்ஸுங்க. சுகர் ஏறியிருந்தா டாக்டர் திட்டுவாருன்னு நல்ல நம்பரா எழுதிட்டு வர்றவங்கள நெறைய பாக்கறேன், உங்க நோட்டையும் பரீட்சை பேப்பராத்தான் நெனச்சிருப்பாங்க. அத விடுங்க, "காலை வெறும் வயிறு"ன்னு கட்டம் இருக்குமே, நைட் ஷிப்ட் முடிச்சு விடிய வந்து சாப்புட்டு படுத்து பொழுது சாய எந்திரிக்கறவருக்கு வெறும் வயிறு எப்பங்க? 8 மணி நேரமாச்சும் சாப்பிடாம இருந்தாத்தான் பாஸ்டிங், அவருக்கு அது சாயங்காலம்தான் வருது. ஷிப்ட் மாறினா மாத்திரை நேரமும் மாறுது, இதெல்லாம் எழுத உங்க கட்டத்துல எடமே இல்ல. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு மாத்திரை கொண்டு வர்ற அக்காங்ககிட்டயும் பேசிப் பாருங்க.

கோவை டிசைனர்:
1999ல பில் கேவர், டன், பசெண்டின்னு டிசைன் ஆராய்ச்சி பண்றவங்க மூணு பேரும் கல்ச்சுரல் ப்ரோப்ஸ்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம் பக்கம், இத்தாலில ஒரு ஊருன்னு மூணு எடத்துல வயசானவங்ககிட்ட போஸ்ட்கார்டு, மேப், கேமரா எல்லாம் ஒரு பொட்டலமா குடுத்து அவங்க தோதுக்கு அனுப்பச் சொன்னாங்க. கணக்கெடுக்கறதுக்கில்ல, அவங்க பொழப்பு எப்படின்னு மனசுல வாங்கிக்கறதுக்கு. நீங்களும் ரீடிங் கேக்காதீங்க, அது சுகர் பாக்கற மீட்டர்லயே சேவ் ஆகுதுல்ல. "இன்னைக்கு மாத்திரை எங்க இருந்துச்சு", "டீ யாரு வாங்கிக் குடுத்தா" இப்படி கேளுங்க, போட்டோ அனுப்பட்டும். வாய்ஸ் மெசேஜ் தறிக்குடோன் சத்தத்துல ஆகாத காரியம், வூட்டுக்கு வந்தப்பறம்தான். அப்பறம் அந்த போட்டோவ வச்சுக்கிட்டு நேர்ல உக்காந்து பேசோணும், பாதி டீம் இதைத்தான் விட்டுர்றாங்க.

கோபிக்காரி:
போட்டோன்னா ஒன்னு சொல்றனுங். எங்கம்மா களி தின்ன அன்னைக்கு போட்டோ வந்துரும், நோம்பின்னு பலகாரம் தின்ன அன்னைக்கு கம்முனு இருப்பாங்க. அந்த ஒன்னும் வராத நாளத்தான் கேக்கோணும், அதும் "ஏன் அனுப்பல"ன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாங்க, "ஒறம்பற யாரெல்லாம் வந்தாங்க"ன்னு ஆரம்பிச்சா பலகாரக் கணக்கு தன்னால வந்துரும். அப்பறம் பல வீட்ல போன் ஒன்னுதான், பொண்ணுக்கு மாப்பள பாக்கறப்ப சர்க்கரை இருக்கறது வெளிய தெரியக்கூடாதுன்னு நெனைக்கறவங்க உண்டு, அனுப்பினத அவங்களே அழிச்சுக்கற மாதிரி வைங்க.

பல்லடத்தான்:
ஷிப்ட் விஷயம் எங்க டீம்ல ஒருத்தருக்கும் தோணலைங்க. கட்டம் போட்ட நோட்டு இனி இல்ல. ரீடிங்க மட்டும் மீட்டர்ல இருந்தே எடுத்துக்கறோம்.

செவ்வந்தி:
எடுங்க, ஆனா பேட்டரி மாத்தினா சில மீட்டர்ல தேதி மணி தப்பாயிருமுங்க, யாரும் திருப்பி செட் பண்றதில்ல. மொதல் நாளே அத பாத்துட்டு ஆரம்பிங்க, இல்லீன்னா நைட் ஷிப்டா பகலான்னே தெரியாது.