பங்காளிகள் பொதுவீடு: பிரித்து விற்பதா, விடுதிக்கு விடுவதா?

வளவுவீட்டுப் பேரன்:
காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்துக் கட்டின வீடு, இப்போது 14 புள்ளிக்கு, அதாவது 14 குடும்பத்துக்குப் பங்கு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் கூடுகிறோம், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். போன மழையில் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து சுவர் ஊறிவிட்டது. தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. கானாடுகாத்தான் ஊரில் பழைய வீடுகளை விடுகிற மாதிரி விடுதிக்கு விட்டால் கட்டுப்படியாகுமா?

நாச்சம்மை:
தம்பி, நாங்கள் 7 வருஷமாக 4 அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நன்றாக ஆள் வரும், சித்திரை வெயிலில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அறை வாடகையைவிடச் சாப்பாட்டில்தான் கொஞ்சம் மிஞ்சும். ஓடு பழுதுக்கும் ஆள் சம்பளத்துக்கும் வரவு சரியாகிவிடுகிறது, பங்கு பிரிக்க ஒன்றும் நிற்காது, அதைப் பங்காளிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தடவை சினிமாவுக்கு விட்டோம், பாரம் ஏற்றி இழுத்து தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைத்துவிட்டார்கள். அப்புறம் விடுவதே இல்லை.

கொத்தனார் மகன்:
விற்காதீர்கள் அண்ணே. கிராமத்தில் மனைக்கு விலை குறைவு, மரத்துக்குத்தான் விலை, அதனால்தான் பிரித்து விற்பது லாபமாகத் தெரிகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கிற தூண்களையும் கதவுகளையும் பார்த்தாலே எத்தனை வீடு போயிருக்கிறது என்று தெரியும். வெளியூர்க்காரர் உங்கள் ஒரு வீட்டுக்காக வருவதில்லை, முகப்பு முகப்பாக நிற்கிற தெருவுக்காக வருகிறார், ஆகவே ஒரு வீடு போனால் அடுத்த தெரு விடுதிக்காரருக்கும் அது நஷ்டம்தான், ஆனால் நீங்கள் கைக்காசு போட்டுக் காப்பாற்றினால் அதில் அவர் ஒரு ரூபாய் பங்கு தரமாட்டார். எனக்குத் தெரிந்து இங்கே பெரிய சிக்கலே இதுதான். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன, சந்தோஷம், ஆனால் அதனால் யார் வீட்டு ஓடு பழுதுக்கும் பணம் வரவில்லை. எங்கள் அப்பாவுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு தெரியும், கண்ணாடி மாதிரி மின்னும். இப்படி ஒரு வேலைக்கு யாரும் கூப்பிடாததால் சிமெண்டு பூசப் போகிறார்.

பத்திரம் எழுதுபவன்:
குத்தகைக்கு விடுவதென்றால் 14 புள்ளியும் கையெழுத்துப் போடவேண்டும், வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். சாமி அறையும் படைப்பு நாட்களும் உங்களுக்கு, ஓடு பழுது குத்தகைக்காரர் செலவு, மரத்தில் ஒரு துண்டைக்கூடக் கழற்றக்கூடாது என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

வளவுவீட்டுப் பேரன்:
ரொம்ப நன்றி. புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்து முதலில் ஓடுகளை மாற்றுகிறோம், குத்தகையை அடுத்த படைப்பில் பேசுகிறேன். கொத்தனார் மகன், ஊறின சுவரை அப்பா வந்து பார்ப்பாரா?

கொத்தனார் மகன்:
வருவார் அண்ணே. ஓடு வேலை முடிந்து சுவர் நன்றாகக் காயட்டும், அதற்குமுன் பூசினால் பிடிக்காது.