குறுநாவல் முடிந்தது, கூடவே வைக்க வேண்டிய கட்டுரை நகரவில்லை

ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த முதுகலை, இறுதிப் பருவம். ஆய்வேட்டில் 15,000 சொல்லில் குறுநாவல், கூடவே, அந்தக் கதையை எழுதிய விதத்தை நானே அலசும் விமர்சனக் கட்டுரை 5,000 சொல்லில். கெடு இன்னும் 6 வாரம்.

கட்டுரையை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் வரைவு டைரி மாதிரி இருந்தது. அடுத்ததில் கோட்பாடுகளை அடுக்கியதில் என் கதையையே காணோம். மூன்றாவது, எனக்கு நானே எழுதிய மதிப்புரை, படிக்கவே கூச்சம். நெறியாளர் ஓரத்தில் எழுதியது ஒரே வரி: “இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை.”

கதை படர்க்கையில் போகிறது. ஆனால் பாட்டியின் நினைப்பு மட்டும் மேற்கோள் குறி இல்லாமல் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் கலந்துவிடும் (ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ்தான்).

இப்படிக் கட்டுரை எழுதியவர்கள் சொல்லுங்கள்: இந்த ஒரே உத்தியைப் பிடித்துக்கொண்டு 5,000 சொல்லையும் எழுதலாமா?