பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பள்ளி நர்ஸ், அல்சூர்:
ஒன்பதாம் வகுப்புப் பெண். மயங்கியவளைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தலை நிமிர்ந்திருந்தால் மூளைக்கு ரத்தம் சரியாக ஏறாது. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, கால் இரண்டையும் ஓர் அடி உயரத்துக்குப் புத்தகப் பைமேல் வைத்ததும் கண் திறந்தாள். பையை இழுத்தபோது ஜாமெட்ரி பாக்ஸ் திறந்துகொண்டது. காம்பஸுக்கு அடியில், பள்ளியில் திங்கள்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள், நீல நிறம், 11. 11 திங்கட்கிழமையாக விழுங்கவே இல்லை!

"வயித்தைப் பிரட்டுது சிஸ்டர்" என்றாள். பிரட்டாதா பின்னே? 60 மி.கி. இரும்புச்சத்தைக் காலைப் பிரேயரில், வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரோடு கொடுக்க வேண்டியது அது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மலம் கருப்பாகப் போகும் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு ஹீமோகுளோபின் 9.1. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே சோகை. வாரத்துக்கு ஒரு மாத்திரை, சோகை வராமல் தடுப்பதற்குத்தான். 9.1க்கு அது போதாது, டாக்டரிடம் காட்டித் தினமும் சாப்பிடும் மருந்து வாங்க வேண்டும்.

பி.டி. வாத்தியார், ஸ்ரீராமபுரம்:
சிஸ்டர், எல்லாவற்றையும் சோகையில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். இங்கே விழுந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ரத்தம் 12.6. ஒரு லிட்டர் பாட்டில் மூன்றரை மணிக்கும் நிறைந்தே இருந்தது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் எரிச்சலும் இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை. மாத்திரைக்கு முன்னால் அந்தத் தாழ்ப்பாளைப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அட்டென்ஷனில் முட்டியை விறைத்துக்கொண்டு நிற்க விடாதீர்கள். ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். ஷூவுக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரிக்கட்டும், கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளும். கண் இருட்டினால் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்காரலாம், மிஸ்ஸிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்று பிரேயரிலேயே அறிவியுங்கள். திட்டு விழும் என்று நின்று சமாளிக்கிற பிள்ளைக்குத்தான் பல் உடைகிறது.

கவுன்சலர், விவேக்நகர்:
இரண்டு பேரும் உடம்போடு நிறுத்திவிட்டீர்கள். எஸ்எஸ்எல்சி கணக்குப் பரீட்சை அன்று ஒரு பையன். ஹால் டிக்கெட்டைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் பறவை அலகு மாதிரி குவிந்து விறைத்துவிட்டன. வலிப்பு என்று யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கியதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடச் சொல்லி, கூடவே உட்கார்ந்து எண்ணியதும் ஐந்து நிமிடத்தில் விரல் பிரிந்தது. முகத்தில் பேப்பர் கவர் வைக்காதீர்கள். அது ஆஸ்துமாவாக இருந்தால் ஆபத்து.

தூக்கத்தைக் கேளுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், அவன் தூங்கியது நாலரை. இந்த வயதில் தூக்கம் தாமதமாகத்தான் வரும், அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம். "சாகணும்னு தோணுதா?" என்றும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே வீட்டுப் பெரியவரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

பி.டி. வாத்தியார், ஸ்ரீராமபுரம்:
அப்படியானால் ஓடும்போது விழுகிறவனுக்கும் பதற்றம்தானா?

பள்ளி நர்ஸ், அல்சூர்:
இல்லை சார், அதை மட்டும் அப்படி நினைத்துவிடாதீர்கள். நின்றுகொண்டிருக்கும்போது விழுவது வேறு, ஓட்டத்தின் நடுவில் விழுவது வேறு. இரண்டாவது இதயக் கோளாறாக இருக்கலாம். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இசிஜி எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவனை மைதானத்தில் இறக்காதீர்கள்.